எஃகுத் தகட்டிற்கும் பாவு உண்டு

துணிக்குப் பாவு, ஊடை என இரு திசைகள் உண்டென்பதை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. விசைத்தறிக்கும் பம்புசெட்டுக்கும் மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரினுள் அடுக்கப்பட்டுள்ள எஃகுத் தகடுகளுக்கும் அத்தகைய திசை உண்டு.

இரும்பு நுண்ணிய படிகங்களாலானது. ஒவ்வொரு படிகமும் தன் கனசதுர விளிம்பின் திசையில் எளிதாகக் காந்தமேறும். சாதாரணத் தகட்டில் இப்படிகங்கள் பல திசைகளை நோக்கிக் கிடக்கின்றன. சுமார் 3 சதவீதம் சிலிக்கன் கலந்த எஃகைச் சூடேற்றாமல் உருளைகளிடையே அழுத்தினால் படிகங்கள் நீண்டு திரும்புகின்றன. பின்னர் சுமார் 1,200 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் நெடுநேரம் காய்ச்சினால், உருட்டிய திசையோடு விளிம்பு இசைந்த சில படிகங்கள் ஏனையவற்றை விழுங்கி வளர்கின்றன. உருட்டுதலையும் காய்ச்சுதலையும் இணைத்து இத்தகைய தகடு செய்யும் முறைக்கு அமெரிக்கரான நார்மன் காஸ் 1934-இல் காப்புரிமை பெற்றார்.

தறி நின்றாலும், இணைப்பிலுள்ள டிரான்ஸ்பார்மர் இரவும் பகலும் சிறிது மின்சாரத்தை உண்டுகொண்டேயிருக்கும். படிகம் ஒழுங்குற்ற தகடு அந்நட்டத்தைக் குறைக்கிறது. ஆதலின் டிரான்ஸ்பார்மர் வாங்கும் சங்கங்கள் விலையை மட்டும் நோக்காது, சுமையற்ற நிலையில் ஏற்படும் நட்டத்தையும் கேட்டறிய வேண்டுகிறோம். பழுதுபார்க்கும்போது தகடுகளைச் சுத்தியலால் தட்டவோ வளைக்கவோ விடலாகாது. உலையில் பெற்ற குணம் அதனால் கெடும்.