அரைநாள் பள்ளிக்கூடம்... சொந்தக் கட்சி முதல்வரையே எதிர்த்து நின்ற காங்கிரஸ்காரர்கள்!

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் இருக்கிறது கீரப்பாளையம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றிலும் நெல் வயல்கள். சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். ஆனால் 1953 ஜூனில், அடுத்தடுத்து இருக்கும் இப்படிப்பட்ட ஊர்களின் பிள்ளைகளுக்கு நடுவே அரசு ஒரு கோடு போட்டது. சிதம்பரம் நகராட்சி, அங்கே தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வழக்கம்போல முழு நாள் வகுப்பு. கீரப்பாளையம் கிராமம், இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் மட்டும்.

மீதி நேரம்? அப்பா செய்யும் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டு வேலை.

இதுதான் அன்றைய சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். அரசு வைத்த பெயர் வேறு. எதிர்த்தவர்கள் வைத்த ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயர்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

பெரியாரும் அண்ணாவும் இதை எதிர்த்தது எல்லோருக்கும் தெரியும். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிரானது. ஆனால் அந்தத் திட்டத்தின் கதையை முடித்தது எதிர்க்கட்சிகள் மட்டும் அல்ல. ராஜாஜியின் சொந்தக் கட்சியான காங்கிரஸுக்குள் இருந்தவர்களே அவருக்கு எதிராக அணி திரண்டார்கள். அந்தப் பாதி கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அப்பா கூலிக்காரர் என்றால்..?

ராஜாஜி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து ஆண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொன்னது. அரசிடம் அதற்கான பணம் இல்லை, ஆசிரியர்களும் போதவில்லை. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம் என்று இரண்டு ஷிஃப்ட் வைத்தால், இருக்கிற பள்ளிக்கூடத்திலேயே இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம். கைத்தொழிலுக்கும் மரியாதை வரும். காகிதத்தில் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனால் கணக்கு கிராமத்துக்கு வந்ததும் உதைத்தது. தச்சர் மகன் இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொள்வான், குயவர் மகன் சக்கரம் சுற்றுவான். சரி, நிலமே இல்லாத விவசாயக் கூலியின் மகன் பிற்பகலில் என்ன கற்றுக்கொள்வான்? நெல் விளையும் தென்னாற்காடு மாவட்டத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் ஏராளம். அப்பா யாருடைய வயலில் சேற்றில் இறங்கினாரோ, அதே வயலில் மகனும் இறங்குவான். அதைத் ‘தொழிற்கல்வி’ என்று சொன்னால் அந்த அப்பாவே ஒப்புக்கொள்ள மாட்டார்.

சிதம்பரத்துக்கு இது புதிய விஷயமும் அல்ல. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று சுவாமி சகஜானந்தர் 1916-லேயே அங்கே நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். அப்பாவின் வேலையிலிருந்து வெளியே வர அந்தக் குடும்பங்களுக்கு இருந்த ஒரே கதவு பள்ளிக்கூடம். அந்தக் கதவைத்தான் அரைநாள் சாத்தச் சொன்னது அரசு. அதுவும் நகரத்துக்கு இல்லை, கிராமத்துக்கு மட்டும்!

138-க்கு 138

ராஜாஜி முதல்வரான விதத்திலேயே கட்சிக்குள் ஒரு நெருடல் இருந்தது. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. ஆட்சி கைநழுவும் நிலையில் ராஜாஜியை அழைத்து வந்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் நியமித்த மேலவை உறுப்பினராக முதல்வர் ஆனார். அப்படி வந்தவர், இவ்வளவு பெரிய கல்வி மாற்றத்தைக் கட்சிக்காரர்களைக் கலந்து பேசாமலே அறிவித்தார். ஊருக்குள் போய் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எம்.எல்.ஏ.க்கள். கோபம் வராமல் இருக்குமா?

1953 ஜூலை கடைசியில் சட்டமன்றத்தில் விவாதம் நடந்தது. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 138 வாக்குகள், எதிராகவும் 138 வாக்குகள். தீர்மானம் நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற திருத்தம் வந்தது. அது 139-137 என்ற கணக்கில் நிறைவேறியது. அரசு தோற்றது இரண்டே வாக்குகளில்.

பருலேகர் தலைமையில் அமைந்த குழு அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கை தந்தது. அறிக்கை திட்டத்துக்குச் சாதகமாக இருந்தது. நிபுணர்கள் சரி என்றார்கள், ஊர் சரி என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் காங்கிரஸுக்குள் சண்டை முற்றியது.

கட்சிக்குள் எதிர்ப்பாளர்களுக்கு முன்னால் நின்றவர் டாக்டர் பி.வரதராஜுலு நாயுடு. இந்தப் பெயரைப் பழைய காங்கிரஸ்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. காங்கிரஸ் பணத்தில் நடக்கும் இடத்தில் இது எப்படி என்று கேட்டவர்களில் பெரியாரும் இவரும் முக்கியமானவர்கள். பெரியார் 1925 காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, வரதராஜுலு நாயுடு அதே கட்சிக்குள் நின்று அதே மாதிரி இன்னொரு கேள்வியைக் கேட்டார்.

93... 41...

1954 மார்ச்சில் ராஜாஜி விலகுவதாக அறிவித்தார். உடல்நிலை என்று காரணம் சொல்லப்பட்டது. அடுத்தது யார் என்பதைக் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்குப் போட்டு முடிவு செய்தார்கள். ஒரு பக்கம் காமராஜர். இன்னொரு பக்கம், ராஜாஜியின் நம்பிக்கைக்குரிய சி.சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் எம்.பக்தவத்சலம். காமராஜருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்துக்கு 41.

ஆளுங்கட்சியின் உள்ளேயே நேருக்கு நேர் போட்டி, வாக்கு எண்ணிக்கை, எண்கள் ஊருக்கே தெரிகின்றன. இன்று ‘சட்டமன்றக் கட்சித் தலைவர் ஒருமனதாகத் தேர்வு’ என்று மொபைலில் வரும் ஒருவரி செய்தியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறு நாட்டுக் கதை போலத் தோன்றலாம்.

வேறு நாட்டில் இப்போதும் நடக்கிறது என்பதுதான் உண்மை. அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை, தேர்தலுக்கு முன்பே அந்தக் கட்சியின் ஆதரவாளர்கள் வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். 2018-ல் நியூயார்க்கில் 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், தன் ஜனநாயகக் கட்சியிலேயே பல முறை எம்.பி.யாக இருந்த ஜோ கிரவுலியைத் தோற்கடித்தார். அதற்கு முன் அவர் பாரில் மது பரிமாறும் வேலை பார்த்தவர்.

நம் ஊரில் வேட்பாளரைத் தேர்வு செய்வது கட்சித் தலைமை. கிளைச் செயலாளருக்குக்கூட அதில் வாக்கு கிடையாது. ஜெயித்து வந்த எம்.எல்.ஏ.வுக்கும் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. கொறடா உத்தரவை மீறிச் சபையில் வாக்களித்தால் பதவி போகலாம். ஆள் பிடிக்கும் அரசியலைத் தடுக்க வந்த சட்டம்தான், தேவையும் இருந்தது. ஆனால் மனசாட்சிப்படி சொந்த அரசை எதிர்ப்பவருக்கும், விலைபோனவருக்கும் அந்தச் சட்டத்தின் முன் ஒரே தண்டனைதான்.

தோற்றவருக்கே கல்வித் துறை

1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதல்வரானார். அமைச்சரவையில் மொத்தமே எட்டுப் பேர். அதில் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியமும் இருந்தார், அவரை முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனுக்கு இந்து அறநிலையத் துறை. கோயிலுக்குள்ளேயே விடாத சமூகத்திலிருந்து வந்தவர் கோயில்களுக்கு அமைச்சர்!

தென்னாற்காட்டுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 1952 தேர்தலில் 19 இடங்களைப் பிடித்து இந்தப் பகுதியில் காங்கிரஸை அதிரவைத்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் தலைவர், கடலூர் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார், காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். இதில் அரசியல் கணக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. பெரும்பான்மை இல்லாத கட்சிக்கு ஆள் பலம் தேவைப்பட்டது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களின் வாக்கு வாங்கி வந்தவர்கள் அமைச்சரவையில் இருக்கும்போது, அரைநாள் பள்ளியைத் தொடர்வது யாருக்கும் சுலபம் இல்லை.

எம்.எல்.ஏ.வாக இல்லாத காமராஜர், மேலவை வழியைத் தேடாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். அங்கே தி.மு.க.வும் அவரை ஆதரித்தது.

கல்வித் துறை சி.சுப்பிரமணியத்திடமே இருந்தது. ராஜாஜியின் திட்டத்துக்காகச் சட்டமன்றத்தில் வாதாடியவர் அவர். 1954 மே 18 அன்று அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தவரும் அவரேதான். கோடை விடுமுறை முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஜூனில் பள்ளி திறக்கும்போது, சிதம்பரத்துப் பிள்ளைக்கும் கீரப்பாளையத்துப் பிள்ளைக்கும் ஒரே அளவு பள்ளி நேரம்.