நான்கு நெருப்பில் ஒரு பூச்சாடி

ஜெர்மனியின் மைசன் நகரத்துப் பீங்கான் பூச்சாடி எங்காவது கைக்கு எட்டினால், பார்ப்பதற்கு முன் தடவிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாடி என்றால் பெரும்பாலும் அடர்நீல உடம்பு, நடுவே வெள்ளைக் கட்டத்தில் ரோஜாக் கொத்து, விளிம்பில் தங்கம் என்று இருக்கும். நீலம் விரலுக்குத் தட்டுப்படவே படாது. ரோஜா இதழ்கள் இலேசாகப் புடைத்திருக்கும். தங்கம் எல்லாவற்றுக்கும் மேலே, பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோய்க் கிடக்கும். இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு சூட்டில் சாடியில் ஏறியவை.

முதல் நெருப்பு மண்ணுக்கு. கயோலின் என்னும் வெண்களிமண்தான் பீங்கானின் உயிர். அதனுடன் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேரும். சுமார் 950 டிகிரி செல்சியஸில் சுட்டதும் களிமண்ணுக்குள் வேதிப்பிணைப்பில் இருந்த நீர் வெளியேறி, உறிஞ்சும் தன்மையுள்ள ஓடு மிஞ்சும். நீலம் தீட்டுவது இந்த ஓட்டின் மேல். தீட்டும்போது அது நீலமே அல்ல. கோபால்ட் ஆக்சைடு கறுப்புத்தான். தவறாக விழுந்த கோட்டை அழிக்கவும் முடியாது, ஓடு உடனே குடித்துவிடும். ஓவியர் கறுப்பில் வரைந்துவிட்டு நீலத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதன்மேல் கண்ணாடிப்பூச்சைக் கொடுத்து இரண்டாவது நெருப்பில் வைக்கிறார்கள். இது சுமார் 1,400 டிகிரி. ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இண்டு இடுக்கெல்லாம் நிரம்புகிறது. கயோலினிலிருந்து முல்லைட் என்னும் ஊசிப் படிகங்கள் முளைத்து, கான்கிரீட்டுக்குள் கம்பி போல அந்தக் கண்ணாடியைப் பின்னிப் பிடிக்கின்றன. சாடி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். மெல்லிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவும், சுண்டினால் மணியாக ஒலிக்கும். பூச்சும் உடம்பும் ஒன்றாக உருகிக் கலப்பதால் இடையில் சிக்கிய நீலத்தை இனி யாராலும் சுரண்டி எடுக்க முடியாது.

இந்த இரண்டாம் நெருப்புத்தான் ஐரோப்பாவுக்கு நூற்றாண்டுகளாகப் பிடிபடாமல் இருந்தது. சீனப் பீங்கானைத் தங்கத்துக்கு நிகராக விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சாக்ஸனியின் ஆட்சியாளர் அகஸ்டஸுக்கு அந்தப் பித்து முற்றி, 1717-இல் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்து 151 பீங்கான் பொருள்களை வாங்கிக்கொண்டார். அதற்குள் அவருடைய சொந்த ஆலையே ஓடத் தொடங்கியிருந்தது என்பதுதான் வேடிக்கை. மலிவான உலோகத்தைத் தங்கமாக்கித் தருகிறேன் என்று அளந்து மாட்டிக்கொண்ட இளைஞர் யோஹான் போட்கரைக் காவலில் வைத்து வேலை வாங்கினார். பெருங்கண்ணாடி வில்லைகளால் சூரிய ஒளியைக் குவித்துத் தாதுக்களை உருக்கிப் பார்த்துவந்த சிர்ன்ஹவுஸ் அவருக்கு வழிகாட்டினார். 1708-இல் வெள்ளைப் பீங்கான் கைகூடியது. அந்த ஆண்டே சிர்ன்ஹவுஸ் இறந்துபோனார். 1710-இல் மைசன் கோட்டைக்குள் ஆலை வந்தது. பெயர் போட்கருக்குப் போனது, எனக்கென்னவோ பாதியாவது சிர்ன்ஹவுஸுக்குச் சேர வேண்டியது. போட்கருக்கும் அந்தப் பெயரை அனுபவிக்க ஆயுள் இல்லை. 1719-இல், 37 வயதில் முடிந்துவிட்டது.

ரோஜாவின் கதை மூன்றாம் நெருப்பு. 1,400 டிகிரியைத் தாங்கும் நிறங்கள் மிகக் குறைவு. இளஞ்சிவப்பு அங்கே காணாமல் போய்விடும். அதனால் உலோக ஆக்சைடுகளைச் சீக்கிரம் உருகும் கண்ணாடித் தூளோடு அரைத்து, எண்ணெயில் குழைத்து, பளபளக்கும் பூச்சின் மேலேயே தீட்டி, 900 டிகிரிக்குள் சுடுகிறார்கள். 1720-இல் மைசனுக்கு வந்த ஹோரோல்ட் என்னும் ஓவியர் இந்த வண்ணங்களை ஒவ்வொன்றாகச் சமைத்தெடுத்தார். இரும்பு செம்மையையும் செம்பு பச்சையையும் தரும். ரோஜாவின் சிவப்பைத் தருவது தங்கம்.

தங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்து, வெள்ளீய உப்பைச் சேர்த்தால் ஊதாநிற வண்டல் இறங்கும். மஞ்சள் உலோகம் ஏன் இந்த நிறத்துக்குப் போகிறது என்பதை விளக்கியவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் சிக்மண்டி. கூழ்மங்கள் பற்றிய ஆய்வுக்காக 1925-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். அந்த வண்டலில் தங்கம் நானோமீட்டர் அளவுத் துகள்களாகச் சிதறியிருக்கிறது. அத்தனை சிறிய துகளில் எலெக்ட்ரான்கள் ஒன்றாக ஊசலாடிப் பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. சிவப்பு மட்டும் மிஞ்சி நம் கண்ணுக்கு வருகிறது. நானோ என்ற பேச்சே இல்லாத காலத்தில் மைசன் ஓவியர்கள் அதைத் தூரிகையில் தொட்டு இதழ் வரைந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட நிறம் வெயிலில் வெளுக்காது. ஆனால் அமிலம் ஆகாது. அந்தக் கண்ணாடித் தூளில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். அமிலம் அதை அரித்துப் பளபளப்பைக் கொன்றுவிடும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடும் பழக்கத்தில் இதையும் தேய்த்துவிடாதீர்கள்.

கடைசி நெருப்பு விளிம்புத் தங்கத்துக்கு, இன்னும் குறைந்த சூட்டில். பழைய முறையில் தங்கம் சூளையிலிருந்து மங்கலாகத்தான் வெளிவரும். அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூளையிலிருந்தே பளபளவென்று வரும் திரவத் தங்கம் புழக்கத்துக்கு வந்தது. மலிவு, மெல்லிசு, சீக்கிரம் போய்விடும்.

வாங்குகிறவர்கள் சாடியைக் கவிழ்த்துப் பார்ப்பது அடியில் இருக்கும் குறுக்கு வாள் முத்திரைக்காக. அதுவும் கோபால்ட் நீலம்தான், எனவே கண்ணாடிப்பூச்சுக்கு அடியில் இருக்க வேண்டும். நகத்துக்குத் தட்டுப்பட்டால் சந்தேகப்படலாம். தட்டுப்படாததால் மட்டும் அசல் என்று சொல்லவும் முடியாது, அவ்வளவு போலிகள் உண்டு. சில சாடிகளில் வாள்களைக் குறுக்கே வெட்டிய கீறல் இருக்கும். ஆலையே சக்கரத்தில் வைத்துப் போட்ட வெட்டு அது. இரண்டாம் தரச் சரக்கு, அல்லது ஓவியம் தீட்டாமல் வெள்ளையாகவே விற்றது என்று பொருள். அப்படிப்பட்ட ஒன்றில் ரோஜாக் கொத்து இருந்தால், முதல் இரண்டு நெருப்பு மைசனில் பட்டது, மற்ற இரண்டும் வேறு எவரோ ஓர் ஓவியரின் சூளையில் பட்டிருக்கலாம். விலை பேசும்போது கடைக்காரர் அந்தக் கீறலைத் தானாகக் காட்டமாட்டார்.