சீமைக் குளிரும் கும்பகோணத்து ரசமும்

மதுரைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் குளிர் என்றால் மார்கழி மாதத்து விடியற்காலைப் பனிதான். காதை மூடிக் கட்ட ஒரு துண்டும், கையில் ஒரு டம்ளர் காப்பியும் இருந்தால் அந்தக் குளிர் தோற்று ஓடிவிடும். ஆகையால் நம்மவர் ஒருவர் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பினால், அவ்விடத்துப் பார்லிமெண்டைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. "என்ன சாப்பிட்டீர்கள்? எப்படிக் குளித்தீர்கள்?" என்றுதான் வீட்டுத் திண்ணையில் கேள்வி பிறக்கும். போனவரும் பட்ட பாட்டையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லுவார். குடும்பமே கூடிச் சிரிக்கும்.

இத்தகைய கதைகளில் தலைசிறந்தவை கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜனைப் பற்றியவை. 1914-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17-ஆம் தேதி அவர் சென்னையில் கப்பலேறினார். குடுமி போய்க் கிராப்பு வந்தது. வேஷ்டி போய்க் கால்சட்டை வந்தது. இந்தக் கோலத்தைக் கண்டு தாயாரும் மனைவியும் மனம் வருந்தக் கூடாதென்று, அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டாராம்.

கேம்பிரிட்ஜில் குளிர் வந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காளத்து மாணவர் பிரசந்த சந்திர மஹலநோபிஸ் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனார். ராமானுஜன் கணப்பருகில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேலங்கியைப் போட்டுக்கொண்டு சால்வையையும் போர்த்திப் படுப்பதாகவும் சொன்னார். மஹலநோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகளுக்குக் குறைவில்லை! ஆனால் அவையெல்லாம் மெத்தைக்கடியில் இறுகச் செருகப்பட்டு, மேல்விரிப்பால் மூடப்பட்டிருந்தன. ராமானுஜன் அத்தனைக்கும் மேலே படுத்து நடுங்கியிருக்கிறார். கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்துகொள்ள வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எண்களின் அந்தரங்கமெல்லாம் அறிந்தவருக்கு ஒரு கட்டிலின் ரகசியம் தெரியவில்லை.

சாப்பாட்டு விஷயமோ இன்னும் கஷ்டம். சுத்த சைவ போஜனமாகையால் தம் அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். ஒரு சமயம் நண்பர் ஒருவரையும், அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார், மறுபடியும் பரிமாறினார். மூன்றாம் முறை வந்தபோது பெண்கள் மரியாதையாக, "போதும்" என்றார்கள். சிறிது நேரத்தில் பார்த்தால் விருந்தளித்தவரைக் காணோம்! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து அவருடைய தந்தி வந்தது. தாம் சமைத்ததை அவர்கள் ஏற்கவில்லை என்று மனம் புண்பட்டு, கையில் இருந்த பணம் போகும் தூரம் போய்விட்டாராம். நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம்" என்பதும் "போதும், போதும்" என்பதும் தினசரிச் சண்டை. அங்கே அதைச் சிரித்துச் சமாதானப்படுத்தத்தான் வீட்டில் யாரும் இல்லை.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்றுண்டு. 1909-ஆம் ஆண்டு லண்டனில் இந்தியர்கள் விஜயதசமி விருந்து நடத்தினார்கள். தலைமை வகிக்கக் காந்தியடிகள் இசைந்திருந்தார். சமையல் வேலையில் ஈடுபட்ட இளைஞர்களில் ஸ்ரீரங்கத்து டி. எஸ். எஸ். ராஜன் ஒருவர். மெலிந்த மனிதர் ஒருவர் வந்து தட்டுக் கழுவவும் காய் நறுக்கவும் தொடங்கினார். யாரோ உதவிக்கு வந்தவர் என்று எண்ணி எல்லோரும் அவரை நன்றாக வேலை வாங்கினார்கள். பிறகு வ. வே. சு. ஐயர் வந்து பார்த்துத் திகைத்த போதுதான், அவரே அன்றைய தலைவர் என்பது விளங்கிற்று! ராஜன் இதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பல கைகள் சேர்ந்த இடத்தில் அந்நிய நாட்டு அடுக்களையும் வீடாகிவிட்டது.

ராமானுஜனுக்கு அந்த வீடு வாய்க்கவில்லை. மகா யுத்தத்தினால் காய்கறி கிடைப்பதே அரிதாயிற்று. நேரந்தவறிய உணவும், ஓயாத உழைப்பும், குளிரும் சேர்ந்தன. 1917-இல் நோய் பற்றிக்கொண்டது. ராயல் சொசைட்டியின் அங்கத்தினர் பதவி 1918-இல் வந்தபோது அவர் நோயாளியாக இருந்தார். 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, முப்பத்திரண்டாவது வயதில் மறைந்தார். நீ உடன் வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திராது என்று கணவர் தம்மிடம் கூறியதாக ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொன்னார். கம்பளிக் கதையையும் ரசக் கதையையும் கேட்டுச் சிரிக்கும் நாம், அந்த வாக்கியத்தைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்றும் மதுரையிலிருந்து பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். தாய்மார்கள் ரசப்பொடியையும் ஊறுகாயையும் கட்டித் தராசில் நிறுத்து நிறுத்துப் பெட்டியில் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் பையனுக்கு ஒரு வேளைச் சமையலைக் கற்றுக்கொடுங்கள். போன இடத்தில் அந்த ரசத்தைச் சேர்ந்து சாப்பிட நாலு பேரைத் தேடிக்கொள்ளவும் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் மூன்றாம் கரண்டியை வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.