தேர்வு எழுதாத பிள்ளையின் மதிப்பெண்

ஒரு மாநிலத்துப் பிள்ளைகளின் கல்வித் தரம் இவ்வளவு என்று ஓர் எண்ணைக் காட்டினால், நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தேர்வை எழுதாதவர் யார் என்பதே அக்கேள்வி. எழுதியவர்களின் சராசரியை எல்லோருடைய சராசரியாகக் கொள்வது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று.

கேரளத்தின் எல்லைப் பகுதிகளை எடுத்துக் கொள்வோம். பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 1956-இல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது இவை கேரளத்தில் அமைந்தன. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்துதர வேண்டும் என்கிறது. கேரளத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

ஆயினும், அளவெடுக்கும் நாளில் விடுபட ஏதுவான பிள்ளைகள் இங்கே பலர். தேயிலை, ஏலத் தோட்டங்களில் வேலை தேடி இடம் மாறும் பெற்றோரின் பிள்ளைகள் ஒரு சாரார். இடமலைக்குடியில் காட்டின் நடுவே வாழும் முதுவர் குடிப் பிள்ளைகள் மற்றொரு சாரார். வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியுமாக வளர்வோரும், மாற்றுத் திறனாளிக் குழந்தைகளும் உளர். 2021 நவம்பர் 12 அன்று நாடெங்கும் 720 மாவட்டங்களில் ஏறத்தாழ 34 இலட்சம் மாணவர் தேசிய அடைவு ஆய்வில் பங்கு கொண்டனர். அத்தகைய பேராய்வும் அன்று பள்ளிக்கு வந்தவரையே அளக்க இயலும்.

விடுபட்டவரை எவ்வாறு கணக்கில் சேர்ப்பது? எடுத்துக்காட்டாக, நூறு பிள்ளைகளில் 90 பேர் எழுதிச் சராசரி 60 மதிப்பெண் பெற்றனர் என்று கொள்வோம். எழுதாத பத்துப் பேரும் சுழியே பெற்றிருப்பர் எனில் மொத்தச் சராசரி 54. நூற்றுக்கு நூறு பெற்றிருப்பர் எனில் 64. உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இஃது ஐயத்திற்கு இடமில்லாத கணக்கு. விடுபட்டோர் 30 பெறக்கூடியவர் எனில் சராசரி 57 ஆகும். அவர்களை மறந்துவிட்டால் மட்டுமே அது 60 ஆகத் தோன்றும்.

இந்த இடைவெளியைக் குறுக்க ஒரு வழி உண்டு. விடுபட்ட பிள்ளையின் வகுப்பு, வீட்டு மொழி, வருகை, ஆசிரியர் கண்ட வாசிப்பு நிலை ஆகியவற்றைக் குறித்துக் கொண்டு, அதே நிலையிலிருந்து தேர்வெழுதிய பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் துணையாகக் கொள்வது அது. அமெரிக்க நாட்டில் இம்முறை ஆராயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அங்குக் கென்டக்கி மாநிலத்தில் நான்காம் வகுப்பு வாசிப்புத் தேர்விலிருந்து விலக்கப்பட்டோர் 1994-இல் நூற்றுக்கு 4 பேர். 1998-இல் 10 பேர். அவ்வாண்டில் மதிப்பெண்ணும் உயர்ந்தது. உயர்ந்தது கல்வியா, விலக்கா என்ற ஐயம் எழுந்தது இயல்பே அன்றோ?

நம் நாட்டில் வேறொரு வழியும் கையாளப்படுகிறது. 2005 முதல் 'பிரதம்' அமைப்பு நடத்திவரும் 'அசர்' ஆய்வில், தொண்டர்கள் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று குழந்தையை அருகில் அமர்த்தி வாசிக்கச் சொல்கின்றனர். பள்ளியில் சேராத பிள்ளையும் அன்று பள்ளிக்குச் செல்லாத பிள்ளையும் அதில் இடம் பெறுகின்றனர். ஊகத்தினும் நேரில் காண்பது மேலானது என்பதை இம்முறை உணர்த்துகிறது.

இங்கு ஓர் எல்லையையும் மறக்கலாகாது. இத்தகைய மதிப்பீடு ஒரு கூட்டத்தின் நிலையை அறியவே உதவும்; தனி ஒரு பிள்ளையின் சான்றிதழில் எழுதத் தக்கதன்று. தன்னைப் போன்றோர் குறைவாகப் பெற்றனர் என்பதற்காக ஒரு குழந்தைக்குக் குறைந்த எண்ணைச் சூட்டுவது அநீதியாகும்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. நம் பிள்ளைகளும் பிறமொழி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். எண்ணிக்கையில் இடம் பெறாத பிள்ளைக்கு ஆசிரியரும் நூலும் ஒதுக்கப்படுவதும் அரிதாகிவிடும். ஆதலால், நம் பகுதிப் பள்ளியின் சராசரியைக் கேட்கும்போது, அதில் சேராதோர் எத்தனை பேர், எதனால் சேரவில்லை என்பதையும் உடன் கேட்போமாக.