போதை அவர்களுக்கு, பொட்டாஷ் நமக்கு!

1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு கொண்டுவந்தவர், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் விவசாயி ராமசாமி ரெட்டியார். இன்றோ கரும்பாலைகளில் சர்க்கரை போக மிஞ்சும் பாகிலிருந்து சாராயம் இறங்குகிறது. ஒரு லிட்டர் சாராயத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் கழிவுநீர்! டிகாஷன் நிறம், நாற்றமோ குடலைப் புரட்டும். அப்படியே ஏரியில் விட்டால் மீன் செத்து மிதக்கும். வயலில் விட்டால் பயிர் கருகும்.

ஆனால், அதில் சாம்பல்சத்து ஏகத்துக்கு இருக்கு சார்! சாறு வடிகட்டிய ஆலைச் சேற்றை வரப்பு மாதிரி நீளமாகக் குவித்து, இதைத் தெளித்துத் தெளித்துப் புரட்டினால் இரண்டு மாதத்தில் நல்ல மக்கு உரம். பொட்டாஷ் நமக்குக் கப்பலில்தான் வருகிறது. பி.காம். படித்த எனக்கே கணக்கு இடிக்கிறது. ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் வண்டி ஏன் சும்மா வரணும்?