மூன்று பிரதிகள்

பரமத்தி வேலூரில் முன்பெல்லாம் ஒரு குடும்பத்தின் படங்கள் அலமாரியிலுள்ள ஓர் ஆல்பத்தில் அடங்கின. இன்றோ ஒரு நிக்காஹ் முடிவதற்குள் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்கின்றன.

“கூகுள் போட்டோஸில் பத்திரமாக இருக்கிறதே” என நிம்மதியடையும் சகோதரிகள் இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும். வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் நிறுத்தப்பட்டது. பின்னர் மின்னஞ்சலுக்கும் சேர்த்து 15 ஜிபி மட்டுமே இலவசம். மேலும், இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகள் நீக்கப்படலாம் என 2023இல் அறிவிக்கப்பட்டது. கடவுச்சொல்லை எவரிடமும் கூறாமல் அத்தா மறைந்துவிட்டால், அவர் எடுத்த படங்களும் மறையக்கூடும். தமக்குப் பின் அவற்றைப் பெறுபவரைக் கணக்கு அமைப்பிலேயே நியமிக்கும் வசதி உண்டு. இன்றே அதைச் செய்திடுக.

மாதம் ஒருமுறை அமர்ந்து, மங்கலான படங்களையும் ஒன்றுபோன்ற படங்களையும் அகற்றுங்கள். எஞ்சியவற்றை ஆண்டு, மாதம், நிகழ்ச்சி எனப் பெயரிட்டுப் பிரியுங்கள். பின்னர் மூன்று பிரதிகள் வைத்திடுங்கள்: ஒன்று கைப்பேசியில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வெளியூர் உறவினர் இல்லத்தில். காவிரி பெருகும் கரையோர ஊராருக்கு இம்மூன்றாவது பிரதி மிக அவசியம்.

இன்ஷா அல்லாஹ், நம் பேரப்பிள்ளைகளும் பாட்டனாரின் முகத்தைக் கண்டு மகிழ்வர்.