புது காயினுக்கு எந்த மெஷின்? கொல்லிமலையில் ஒரு கணக்கு

ஐஸ்லாந்தில் பிட்காயின் மைனிங் கூடங்கள் பெருகியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும் அங்கே மலிவு. மெஷினைக் குளிர்விக்க வெளிக்காற்றே போதும். இதைக் கேள்விப்படும் கொல்லிமலை இளைஞருக்கு, ‘நம்ம மலையிலும் குளிர்தானே’ என்று தோன்றுவது இயல்பு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டில் இறங்கினால் நாமக்கல் வெயில் மறந்துபோகும். புதிதாக வந்த ஒரு காயினை அங்கே ஒரு வீட்டில் மைனிங் செய்ய எந்த மெஷினை வாங்கலாம்?

மைனிங்கில் நடப்பது இதுதான். பரிவர்த்தனைகளின் தொகுப்போடு ஓர் எண்ணைச் சேர்த்து, ஹாஷ் என்னும் கணக்குக்குள் கணினி செலுத்துகிறது. வரும் விடை குறிப்பிட்ட அளவைவிடச் சிறியதாக இருந்தால் வெற்றி, காயின் கிடைக்கும். இல்லாவிட்டால் எண்ணை மாற்றி மறுபடியும் முயல வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் விடை முழுவதும் மாறிவிடுவதால் குறுக்குவழி கிடையாது. எத்தனை மெஷின்கள் வந்து சேர்ந்தாலும், பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு வெற்றிதான் கிடைக்கும்படி கணக்கின் கடினத்தை வலைப்பின்னலே உயர்த்திக்கொள்ளும். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்தில் எத்தனை முயற்சிகள் என்பதே மெஷினின் மதிப்பு. எந்த ஹாஷ் கணக்கு என்பதைக் காயினை உருவாக்கியவர்கள் தீர்மானிக்கிறார்கள். கடைக்குப் போகுமுன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிட்காயினை 2009இல் சாதாரண கணினியிலேயே எடுத்தார்கள். 2010இல் கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. 2013இல், அந்த ஒரு கணக்கைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியாத ‘ஏசிக்’ சிப்புகள் வந்து மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டின. இன்று ஆன்ட்மைனர் எஸ்21 என்ற ஏசிக் மெஷின் நொடிக்கு 200 லட்சம் கோடி முயற்சிகள் செய்கிறது. ஆனால் உலகின் மொத்த முயற்சி 2025இல் அதைப்போல் ஐம்பது லட்சம் மடங்கைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில், தனியாக ஓட்டினால் சராசரியாக 95 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெற்றி. பலரோடு பூலில் சேர்ந்தால் நாளுக்கு ஏறத்தாழ 0.00009 பிட்காயின் பங்கு வரும்.

அந்த மெஷின் இழுப்பது 3,500 வாட். இரவும் பகலும் மூன்று, நான்கு இஸ்திரிப் பெட்டிகளை நிறுத்தாமல் சூடேற்றுவதற்குச் சமம். நாளுக்கு 84 யூனிட்; இரண்டு மாதத்துக்கு 5,040 யூனிட். 2024 ஜூலையில் அறிவித்த வீட்டுக் கட்டணத்தில் 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட்டுக்கு 11.80 ரூபாய். கரன்ட் பில் 54,000 ரூபாயைத் தாண்டும். கையில் வருவது சுமார் 0.0054 பிட்காயின். ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய்க்கு விற்றால்தான் பில்லையே கட்ட முடியும். மெஷின் விலை தனி. லாபத்துக்கு 30 சதவீத வரியும் 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. மைனிங் கருவிகளுக்கான செலவை அதில் கழிக்க முடியாது என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது.

பிட்காயினைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிய காயினுக்கு வருவோம். ஏசிக்கின் ஆதிக்கத்தைத் தடுக்க, நினைவகத்தை நிறையத் தின்னும் கணக்குகளைப் பலர் வகுத்தார்கள். மொனேரோ என்ற காயின் 2019 நவம்பரில் ஏற்ற ரேண்டம்எக்ஸ் அதற்கு நல்ல உதாரணம். அதற்கு ப்ராசஸரின் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 2 எம்.பி. கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) வேண்டும், அதோடு 2 ஜி.பி.க்குச் சற்று மேல் ராம். ரைசன் 5 5600, 5600ஜி ப்ராசஸர்கள் இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்துக் கொடுத்தாலும் பலர் கவனிக்க மாட்டார்கள். ஆனால் முதலாவதில் எல்3 கேஷ் 32 எம்.பி., இரண்டாவதில் 16 எம்.பி. ரேண்டம்எக்ஸில் 5600ஜிக்கு எட்டு த்ரெட்டுக்குத்தான் இடம் இருக்கும். மீதி நான்கும் வீண். 16 ஜி.பி. ராமை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கினால் வேகம் கூடும்.

கிராஃபிக்ஸ் கார்டில் எடுக்கும் காயின்களில் நினைவகத்தின் அளவும் அதன் வேகமும்தான் முக்கியம். எதீரியத்தின் தரவுக் கோப்பு 2020 கடைசியில் 4 ஜி.பி.யைத் தாண்டியதும், 4 ஜி.பி. கார்டுகள் அதற்குப் பயனற்றுப் போயின. 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் மைனிங்கையே கைவிட்டது. உலகெங்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளை வாங்கிக் குவித்தவர்கள் வேறு காயின்களைத் தேடி ஓடினார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த காஸ்பா 2021 நவம்பரில் தொடங்கியது. முதலில் கணினி, பிறகு கிராஃபிக்ஸ் கார்டு, 2023இல் ஏசிக். பிட்காயின் நான்கு ஆண்டில் கடந்த பாதையை அது இரண்டே ஆண்டில் கடந்துவிட்டது. புதிய காயினில் இந்த ஆபத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இன்று பொருத்தமாக இருக்கும் மெஷின் அடுத்த ஆண்டு பொருந்தாமல் போகலாம்.

மலைக் குளிரும் நினைக்கிற அளவுக்குக் கைகொடுக்காது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும், ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைவான வெப்பத்தையே வெளியே தள்ளும். குளிர்ந்த காற்றின் நன்மையில் ஒரு பகுதி இதிலேயே போய்விடும். மூடுபனியின் ஈரம், மெஷினை நிறுத்திவைக்கும் நேரங்களில் சர்க்யூட் போர்டில் படிந்து அரிக்கும். இடி மின்னலுக்கு எர்த் சரியாக இருந்தாக வேண்டும். 3,500 வாட் என்றால் 15 ஆம்பியர். பழைய வீட்டு ஒயரிங்கில் அதை நாள் முழுக்க இழுப்பது தீ விபத்துக்கு வழி. 75 டெசிபல் இரைச்சலில் பக்கத்து வீட்டாரும் தூங்க முடியாது.

பெரிய மெஷின் இல்லாத வீட்டு மைனிங்குக்கு ஒரு முன்மாதிரி உண்டு. சென்னையிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகன் பாலாஜி ஸ்ரீநிவாசன் தலைமையேற்றிருந்த ‘21’ நிறுவனம், 2015இல் சுமார் 400 டாலருக்கு ஒரு சிறிய பிட்காயின் கணினியை விற்றது. ராஸ்பெர்ரி பை போர்டின்மேல் ஒரு மைனிங் சிப், அவ்வளவுதான். அதில் கிடைத்தது சில்லறைதான். மென்பொருள் எழுதுகிறவர்கள் கையில் கொஞ்சம் பிட்காயின் சுரந்துகொண்டே இருக்க வேண்டும், அதை வைத்து அவர்கள் புதிய செயலிகளைச் சோதிக்க வேண்டும் என்பதே நோக்கம். வீட்டு மைனிங்குக்கு இதுவே சரியான அளவு என்று நான் நம்புகிறேன்.

கொல்லிமலையில் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். நல்ல கேஷ் உள்ள ஒரு டெஸ்க்டாப் வாங்குங்கள். அந்தக் காயின் மறைந்துபோனாலும் அதில் படிக்கலாம், நிரல் எழுதலாம், வீடியோ எடிட் செய்யலாம், வேண்டாம் என்றால் விற்கலாம். சுவரில் செருகும் பவர் மீட்டர் ஒன்றை வைத்து, ஒரு வாரம் ஓடிய யூனிட்டையும் வந்த காயினையும் எழுதிப் பாருங்கள். கணக்கு இடித்தால் நிறுத்திவிடுங்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஏசிக் மெஷின் மட்டும் வாங்காதீர்கள்.